குனிந்த தலையோடு பேசியவர்

எழுபதுகளின் நடுப்பகுதி. ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு பாடசாலையில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் நண்பனுக்கு லண்டனில் இருந்த தமையன் சிறிய சினிமாக் கமெரா ஒன்று கொண்டுவந்து கொடுத்திருந்தார். அது கைக்கு வந்ததும் எங்கள் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. கல்யாண வீடுகளில் நின்று சுருளை வீணாக்காமல், உருப்படியாக ஒரு விவரணப் படம் எடுப்போம் என்று முடிவு செய்தோம்.

கடற்கரையோரம் ஒரு மீன்பிடிக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு மூத்த பிள்ளைக்குப் பிறப்பிலேயே காது கேளாது. யாழ்ப்பாணத்தில் காது கேளாதோர் பாடசாலையில் சில வருடம் இருந்து, வாயசைவைப் பார்த்தே பேச்சை விளங்கிக்கொள்ளப் பழகியிருந்தாள். கொஞ்சம் பேசவும் வரும். ஆனால், கடையில் யாரோ அவள் குரலைக் கேட்டுச் சிரித்த நாளிலிருந்து வெளியாட்கள் முன் வாய் திறப்பதில்லை. தகப்பனோடு உட்கார்ந்து கிழிந்த வலைகளைப் பொத்துவதுதான் அவள் வேலை. அவளைப் படம் பிடிக்கலாமா என்று கேட்டபோது தகப்பன் யோசித்தார். அவளே சரியென்று தலையாட்டிவிட்டாள்.

தகப்பன் முழுக்கைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, ஸ்டூடியோவுக்கு வந்தவர் மாதிரி விறைத்துக்கொண்டு இருந்தார். மன்றாடித்தான் அவரை வழமையாக உடுக்கும் பழைய சாரத்துக்கு மாற்றினோம். மகளைக் கூப்பிட வேண்டுமென்றால், தன் பக்கத்து வலையை ஒருமுறை இழுப்பார். மறுபக்கத்தில் அவள் நிமிர்ந்து அவர் வாயைப் பார்ப்பாள். எவ்வளவு அழகான ஏற்பாடு! எங்கள் புத்தியைப் பாருங்கள், அதையே வேண்டாம் என்றோம். நிமிரும்போதெல்லாம் அவள் கமெராவைக் கண்டு வெட்கப்பட்டாள். அதனால், "கொஞ்ச நேரத்துக்கு வலையை இழுக்காதேங்கோ ஐயா" என்று சொல்லிவிட்டு, தூரத்தில் போய் நின்று அவள் குனிந்த தலையையும், லென்ஸைத் திருப்பிக் கிட்டவாக்கி அவர் முகத்தையும் பிடித்தோம்.

அவர் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். சோளகக் காற்றில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கமெராவும் ஒலியைப் பதிவு செய்யாது. தேத்தண்ணி கொண்டுவந்த தாய் சிரித்தார்.

"அந்த மனிசன் அப்பிடித்தான் தம்பி. பிள்ளை குனிஞ்சு கொண்டிருந்தாலும் அவளோடை கதைச்சுக் கொண்டேதான் இருக்கும்."

படச்சுருளை லண்டனுக்கு அனுப்பித்தான் கழுவ வேண்டும். அது திரும்பி வருவதற்குள் அந்த மனிதர் போய்விட்டார். கடலால் வந்து, நெஞ்சு நோகுது என்று படுத்தவர் எழும்பவில்லை. படம் வந்துவிட்டது என்று சொல்லப் போனபோது தாய் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவரின்ரை குரலும் அதுக்குள்ளை இருக்கோ தம்பி?"

 இல்லை என்று நண்பன்தான் சொன்னான். தாயின் முகம் வாடிப்போயிற்று.

பங்குச் சுவாமியார் மாதா கோயில் மண்டபத்தைத் தந்தார். பட்டப்பகல் என்பதால் வள்ளத்துப் பாய்களைக் கட்டி யன்னல்களை மறைத்தோம். அயலவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தாயும் மகளும் முன்வாங்கில் இருந்தார்கள். வலை, அவள் விரல்கள், குனிந்த தலை என்று படம் ஓடியது. சனம் தங்கள் வீட்டுக் கூரைகளைக் கண்டு குதூகலித்தது. பிறகு திரை முழுக்க அவர் முகம் வந்தது. வாய் அசைந்தது. 

"என்ன சொல்லுறார்? ஆராவது சொல்லுங்கோவன்" என்று தாய் அழத் தொடங்கினார். 

அப்போது மகள் எழுந்தாள். திரைக்குக் கிட்டப் போய், தகப்பனின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அத்தனை பேர் முன்னால் பேசினாள். ஏற்ற இறக்கமில்லாத, அடித்தொண்டையிலிருந்து வந்த குரல். ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"வெயில் ஏறுது பிள்ளை. காலமையும் நீ ஒண்டும் சாப்பிடேல்லை."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"வலையை இழுக்கக் கூடாதாம். உந்தப் பெடியள் சொல்லிப்போட்டாங்கள்."

நண்பன் என் கையை இறுக்கிப் பிடித்தான். திரையில் அவர் சற்றுச் சிரித்து, தலையைச் சரித்து, இன்னும் ஏதோ சொன்னார். அவள் குரல் உடைந்தது. ஆனாலும் சொல்லி முடித்தாள்.

"ஒருக்கா நிமிர்ந்து என்னைப் பார் பிள்ளை."

அவள் குனிந்த தலையைப் பார்த்து அந்தத் தகப்பன் என்ன பேசுவார் என்பதை அவளே வாழ்நாளில் முதல் தடவையாகக் கண்டது அன்றைக்குத்தான். தாய் வாங்கை விட்டு எழும்பினார். திரையைப் பார்த்து, குசினிக்குள் அடுப்படியில் நின்று பதில் சொல்பவர் போலச் சத்தமாகச் சொன்னார்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை உங்களைத்தான் பாக்கிறாள்."

அந்தச் சுருளை அன்று திரும்பத் திரும்ப ஓட்டினோம். எங்கள் படம் அந்த மண்டபத்தைத் தாண்டி எங்கும் போகவில்லை. அதில் எனக்குக் கவலையும் இல்லை. ஆனால் இன்றும் வீட்டில் யாராவது என்னோடு கதைக்கத் தொடங்கினால், கையில் உள்ளதை வைத்துவிட்டு நிமிர்ந்து அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். குனிந்தபடி பதில் சொல்ல அன்றைக்குப் பிறகு என்னால் முடிவதில்லை.