நாற்பதடிக் குழி

லிஃப்ட் மெக்கானிக் பகலெல்லாம் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குவார். சாயங்காலம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து வாளும் மந்திரமுமாக வீரக்கதை எழுதுவார். அவர் கதையில் தெய்வங்களுக்குப் பஞ்சமே இல்லை. புயலுக்கு ஒன்று, போருக்கு ஒன்று, பல்வலிக்குக்கூட ஒன்று. ஆனால் அதில் ஒன்றாவது வீரனுக்காக ஒரு துரும்பைக் கிள்ளிப் போடுமா? ஊஹூம். அவனவன் பாட்டை அவனவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மனிதரின் கொள்கை.

அதற்குத்தான் வந்தது சோதனை. தெய்வம் வந்து வீரனைக் காப்பாற்றினால்தான் நாவல் அச்சுக்குப் போகும், திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆறு வருட உழைப்பு! பதிப்பாளரையும் குறை சொல்ல முடியாது. வீரனைக் குழியில் தள்ளி, வாளைப் பிடுங்கி, ஒரு கையையும் முறித்துவிட்டு, வெளியே எடுக்க வழி தெரியாமல் முழித்தவர் அவரேதானே. டேப் வைத்து அளந்தது போல நாற்பதடி என்று எழுதியவர், ஏற ஒரு படி வைத்தாரா? குழிக்கு மேலே ஒரு உத்தரம், அதன்மேல் போட்டுக் குழிக்குள் படையல் இறக்கும் கயிறு, அதன் மறுமுனை விளிம்பில் நின்ற கல்தெய்வத்தின் இடுப்பில். அவ்வளவுதான்.

“உங்க ஆளு பாவங்க. சாமியையே கூப்பிட்டுடுங்க,” என்றாள் மனைவி. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை ஒரு குடியிருப்பில் லிஃப்ட் பாதியில் நின்று, டீச்சர் ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டார். மெக்கானிக் மொட்டை மாடி மோட்டார் அறைக்கு ஓடி, மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கை மெல்ல விட்டு விட்டுப் பிடித்தார். லிஃப்ட் தானாக மேலேறி அடுத்த தளத்துக்கு வந்தது. சாமி மாதிரி வந்து தூக்கிவிட்டீர்கள் என்று டீச்சர் உருகிப்போனார்.

“நான் எங்கம்மா தூக்கினேன்? அந்தப் பக்கம் ஒரு இரும்பு எடை தொங்குது. உள்ள நீங்க ஒருத்தர்தானே, லிஃப்டைவிட அந்த எடைக்குத்தான் கனம் ஜாஸ்தி. அது கீழ போச்சு, நீங்க மேல வந்துட்டீங்க.”

சொன்னவர் அப்படியே வாயைப் பிளந்து நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீரன் முறியாத கையால் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, சுவரை உதைத்து உதைத்துத் தொங்கினான். விளிம்பில் நின்ற தெய்வம் ஆடியது, சாய்ந்தது, குழிக்குள் விழுந்தது. வீரன் விர்ரென்று மேலே போனான். பாதி வழியில் இருவரும் நேருக்கு நேர் சந்தித்தபோது மரியாதையாக ஒற்றைக் கையால் ஒரு வணக்கமும் போட்டான். எழுதி முடித்த மெக்கானிக்குக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

திங்கட்கிழமை பதிப்பாளர் படித்துவிட்டுப் போனில் கூப்பிட்டார்.

“என்னய்யா, சாமி தானா வரலையே? இவன்ல இழுத்து விட்டிருக்கான்.”

“ஆமா சார். ஆனா கனம் சாமியோடது.”

பதிப்பாளர் சிரித்துக்கொண்டே, அட்டைப்படத்துக்கு அந்த வணக்கத்தையே வரையச் சொல்லட்டுமா என்று கேட்டார்.