ஓரங்கட்டி நிறுத்தாமல் போன பாதை

எந்தச் சின்னச் சத்தம் கேட்டாலும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் பார்ப்பவன் என்பதால்தான் அவனுக்கு ஓரங்கட்டி என்று பெயர் வந்தது. பஸ் ஓட்டிய காலத்தில் பயணிகள் வைத்த பெயர். டயரில் கல் மாட்டியிருக்குமோ, பின்கதவு சரியாகச் சாத்தவில்லையோ, ஏதோ கருகுகிற வாசனை வருகிறதோ என்று வழிநெடுக இறங்குவான், ஏறுவான். "தம்பி, நீ பொறுமையா பாத்துட்டு வா, நாங்க நடந்து முன்னாடி போறோம்" என்று முன்சீட்டுப் பெரியவர் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாராம். முதலாளியும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவனை வீட்டுக்கு அனுப்பினார். அதற்கப்புறம்தான் இந்தப் பழைய பிக்கப்பை வாங்கினான். மேடு, பள்ளம், மணல் என்று எதிலும் இறங்கி ஏறுகிற நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. மற்ற நாளில் கட்டட வேலைக்குச் சாமான் ஏற்றுவான். பூக்கிற காலம் வந்துவிட்டால் அக்காவின் தேனீப் பெட்டிகள்.

மலைக்கு அந்தப் பக்கத்துப் பழத்தோட்டங்கள் பூக்கும்போது பெட்டிகளைக் கொண்டுபோய் அங்கே வைத்தாக வேண்டும். போன வருஷம் நோய் விழுந்து பாதிப் பெட்டிகள் காலியாகிவிட்டன. மிஞ்சியதுதான் இப்போது வண்டியில் இருந்தது. இதுவும் போனால் பெட்டிகளை உடைத்து விறகாக்கிவிட்டு மகள் வீட்டோடு போய்விடுவதாக அக்கா சொல்லியிருந்தாள். மகள் தங்கமான பெண்தான். ஆனால் அந்த வீட்டில் சோபாவின் நுனியில், விருந்தாளி மாதிரி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அக்காவை அவன் பார்த்திருக்கிறான்.

தேனீக்களை ஏற்றிப்போவது சாமான் ஏற்றுவது போல அல்ல. எல்லா ஈயும் கூடு திரும்பிய பிறகு வாசலைக் கம்பி வலையால் அடைக்க வேண்டும். பொழுது விடிந்து வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்து திறந்துவிட வேண்டும். அடைத்த பெட்டி வெயிலில் நின்றால் உள்ளே சூடு ஏறும். ஈக்கள் இறக்கையால் விசிறி விசிறிப் பார்க்கும். அவற்றால் முடியாமல் போனால் மெழுகு இளகி, தேனடை சரிந்து, தேனும் ஈயும் ஒன்றாகக் குழைந்துபோகும். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் காற்று அடிக்கும், பயமில்லை. நின்றால்தான் ஆபத்து.

அந்த முறை மலைச்சாலையில் மண் சரிந்து கிடந்தது. அவனும் அக்காவும் விடியும்வரை வரிசையில் காத்திருந்தார்கள். பாதை எப்போது திறக்கும் என்று மண் அள்ளுகிறவர்களுக்கே தெரியவில்லை. வெயில் வருமுன் திரும்பிப் போய்விடவும் முடியாது. மிச்சம் இருந்தது, காட்டுக்குள் இறங்கி வறண்ட ஆற்றைக் கடந்து தோட்டங்களின் பின்பக்கம் போய்ச் சேரும் மண்பாதை. போகலாமா என்று அவன் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. வண்டி தானாகத் திரும்பியது போல் திரும்பியது.

மண்பாதை தொடங்கும் இடத்தில் ஓர் ஓடை இருந்தது. பெட்டிகளை நனைத்துக்கொண்டு போகலாம் என்று நிறுத்தினார்கள். அக்கா குடத்தோடு ஓடைக்கு இறங்கினாள். அவன் முன்சக்கரங்களுக்குப் போனான். அந்த வண்டியில் நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் உள்ளே கியரை மாற்றினால் மட்டும் போதாது. ஒவ்வொரு முன்சக்கரத்தின் நடுவிலும் இருக்கும் வட்டத் திருகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பிப் பூட்ட வேண்டும். எந்தக் கோடி பூட்டு என்று காட்டும் எழுத்து எப்போதோ தேய்ந்துவிட்டது. அவன் கைக்குத் தெரியும். போன வருஷம் அதை மறந்து சேற்றில் மாட்டிக்கொண்டதை அக்கா வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டிவிட்டாள். இந்த முறை இரண்டு பக்கமும் பூட்டிவிட்டு, புதர்ப் பக்கம் ஒதுங்கிவிட்டு வந்தான். அக்கா அதற்குள் பெட்டிகளை நனைத்து, குடத்தைப் பின்னால் கயிற்றால் கட்டிவிட்டு, புடவையில் கையைத் துடைத்தபடி முன்சக்கரத்தின் அருகே நின்றிருந்தாள். சீக்கிரம் கிளம்பு என்றாள்.

ஆற்று மணல் பார்க்கத்தான் இறுகித் தெரிந்தது. நடு ஆற்றுக்கு வந்ததும் வண்டியின் பின்பக்கம் கீழே உட்கார்ந்தது. கியரை மாற்றினான். ஆக்சிலேட்டரை மிதித்தான். சக்கரம் சுற்றச் சுற்ற வண்டி இன்னும் புதைந்தது.

இறங்கி டயர்களில் காற்றைக் குறைத்தான். இரண்டு பேரும் கையால் மணலை வாரினார்கள். சாக்குகளைச் சக்கரத்துக்கு அடியில் திணித்தான். வண்டி ஒரு முழம் நகர்ந்து மறுபடி இறங்கியது. தலைக்கு மேல் நிழல் என்று எதுவும் இல்லை. பெட்டிகளின் ரீங்காரம் ஏறிக்கொண்டே போய், பெரிய அண்டா கொதிக்கிற மாதிரிக் கேட்டது. குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் அக்கா பெட்டிகள் மேல் ஊற்றினாள். சொட்டுச் சொட்டாகப் பலகையில் விழுந்து கண்ணெதிரே காய்ந்தது.

பிறகு அவள் மூலையில் இருந்த பெட்டியில் காதை வைத்தாள்.

"இதுல சத்தம் கம்மியாயிடுச்சுடா."

கொதிக்கிற சத்தத்தைவிட அடங்குகிற சத்தம் மோசமானது என்று அவளேதான் அவனுக்குச் சொல்லித் தந்திருக்கிறாள். அக்காவின் கை வாசல் வலைக்குப் போனது. திறந்தால் எல்லாம் பறந்துவிடும். பூவும் நீரும் இல்லாத மணலில் அலையும். வண்டி நகர்ந்துவிட்டால் திரும்பி வர வீடிருக்காது. ஒரு நிமிஷம் பொறு என்று கெஞ்சி, அவளை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி, ஆக்சிலேட்டரை மட்டும் மெதுவாக மிதிக்கச் சொல்லிவிட்டு முன்னால் போய்க் குனிந்தான்.

பின்சக்கரங்கள் மணலை வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் அசையவே இல்லை.

உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தான். உடைந்திருந்தால் எல்லாம் முடிந்தது. நம்பிக்கை இல்லாமல்தான் திருகில் கை வைத்தான். அது பூட்டு அவிழ்ந்த மறுகோடியில் இருந்தது.

"அக்கா, இதத் தொட்டியா?"

"நான்தான் பூட்டினேன். நீ மறந்திருப்பேன்னு. ரெண்டு பக்கமும்."

"நானும் பூட்டினேன்கா."

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அக்காவின் முகம் வெளுத்தது. போன வருஷத்துச் சேற்றுக்கு ஒரு வருஷமாகக் கேட்ட பேச்சையெல்லாம் வட்டியோடு திருப்பித் தரலாம். அவனுக்கு அதற்கு நேரமில்லை. சுட்ட இரும்பை உள்ளங்கையால் பிடித்து ஒன்றைத் திருப்பினான், சுற்றி ஓடி மற்றதைத் திருப்பினான். அக்கா பக்கத்து இருக்கைக்கு நகர்ந்துகொண்டாள். இந்த முறை வண்டியின் மூக்கு முதலில் எழுந்தது. பிறகு உடம்பு முழுவதும் முனகிக்கொண்டு வெளியே வந்தது.

அக்கரை ஏறும்போது அடியில் சத்தம் கேட்டது. டங். கொஞ்சம் பொறுத்து மறுபடி டங். இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம். அவன் கால் தன் பாட்டுக்குப் பிரேக் பக்கம் போனது. அக்கா அந்தக் காலையே பார்த்தாள்.

"நிறுத்தாதடா."

"நிறுத்தலை."

ஒவ்வொரு டங்குக்கும் அவன் தாடை இறுகியது. அச்சு கழன்று விழுகிறது, சக்கரம் தனியாக உருண்டு போகிறது என்று என்னென்னவோ கண்முன் வந்தது. தோட்டத்தின் வேலி தெரியும்வரை ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

மரநிழலில் பெட்டிகளை இறக்கி வைத்து ஒவ்வொரு வாசலாகத் திறந்தார்கள். ஈக்கள் உடனே பறக்கவில்லை. வாசலில் குவிந்து நின்று விசிறின. அப்புறம் ஒன்றிரண்டாக எழும்பின. மூலைப் பெட்டியை அக்கா கடைசிக்கு வைத்திருந்தாள். மூடியைத் தூக்கி, பார்த்து, மறுபடி மெதுவாக மூடினாள். அடிப்பலகை வழியாகத் தேன் கசிந்தது.

"இது ஒண்ணுதான்" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். தப்பு என் கையில்தான் என்றாள் அக்கா. அவன் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். ஒரு பக்கம் நசுங்கிப்போன குடத்தோடு வெளியே வந்தான். கயிறு நழுவி, வழியெல்லாம் அடித்தகட்டில் மோதிக்கொண்டே வந்திருக்கிறது.

"இதையும் நீதான் கட்டினியா?"

"வாய மூடுடா" என்றாள் அக்கா. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுதாள்.

இப்போது இரண்டு திருகிலும் பூட்டுகிற கோடியில் சிவப்புப் பொட்டு இருக்கிறது, அக்கா மகளின் நகப்பூச்சில் வைத்தது. ஓரங்கட்டி இன்னும் எல்லாச் சத்தத்துக்கும் ஓரங்கட்டுகிறான். அந்த மூலைப் பெட்டி விறகுக்குப் போகவில்லை. அக்கா அதைச் சுரண்டி, கழுவி, காயவைத்து, மற்றவற்றோடு அதே வரிசையில் வாசல் திறந்தபடி வைத்திருக்கிறாள். வேறொரு பெட்டியில் கூட்டம் பெருகிப் பிரியும்போது குடியேற இடம் வேண்டுமே என்கிறாள்.