வெயிலில் உருவிய பிலிம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், மலாயாவின் ஜொகூர் பாருவில் ஆங்கிலப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. அண்ணன் வாங்கித் தந்த பெட்டிக் கேமரா கையில் இருந்ததால் எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் மனிதர்களை இயல்பாகப் படம் எடுக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் கழுவி வந்த படங்களில் எல்லாரும் போலீஸ்காரனைக் கண்ட மாதிரி விறைத்து நின்றார்கள். சிலர் எடுக்கும்போதே ஏசினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் நிற்கும் இடத்தில், கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றேன். தேத்தண்ணிக் கடை ஓரமாக ஓர் இளம்பெண் தட்டில் ஊற்றிய தேநீரை ஊதிக்கொண்டிருந்தாள். முகத்தில் நல்ல வெயில். அமுக்கினேன். முதன்முதலாக யாரும் விறைக்காத ஒரு படம்!

சத்தம் கேட்டு அவள் புருஷன் ஓடிவந்து என் கையைப் பிடித்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். ஆனால் அவன் கெஞ்சினான்.

"தம்பி, அந்தப் படம் வேணாங்க. இவ ரப்பர் தோட்டத்துல ஆளுங்கள வேல வாங்குற கங்காணியோட பொண்ணு. நேத்துதான் கோயில்ல தாலி கட்டுனேன். சாதி வேறங்க. அவங்கப்பா கையில சிக்கினா என்னை வெட்டிப் போட்ருவாரு."

யாருக்கும் காட்டமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். படத்தை அழிக்க மட்டும் மனசு வரவில்லை. இருவரும் சிங்கப்பூர் பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் தோட்டத்து லாரி வந்து நின்றது. தலைப்பாகை கட்டிய கங்காணி இறங்கினார், பின்னால் கம்புகளோடு ஆட்கள். கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒரு பொண்ணும் பையனும் நின்னாங்க லா. எந்த பஸ்ல ஏறுனாங்கன்னு பாக்கல. இந்தத் தம்பிதான் போட்டோ புடிச்சாரு."

கங்காணி என் பக்கம் திரும்பினார். "எம் பொண்ணு இதுக்குள்ள இருக்காளா? குடு. நாலு ஊர்ல காட்டுனா எங்க இருந்தாலும் புடிச்சிரலாம்."

கேமராவைப் பிடுங்கிக் கொண்டுபோய்ப் பிலிமைக் கழுவினால் அந்தப் பையன் கதை முடிந்தது.

"இருங்கய்யா, நானே தொறந்து காட்டுறேன்" என்றேன். நடு வெயிலுக்கு வந்தேன். பெட்டியைத் திறந்து, பிலிமை முழுசாக உருவி அவர் முன்னால் விரித்தேன். வெளிச்சம் பட்டால் பிலிம் பாழ் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சுருளில் நான் அதுவரை எடுத்த மற்ற படங்களும் அதோடு போயின.

"ஒண்ணுமே இல்லியேடா!" என்று ஒருவன் என் சட்டையைப் பிடித்தான்.

"படம் விழலீங்க. நான் கத்துக்குட்டி."

"விடுறா அவன" என்றார் கங்காணி. பிலிமை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "அழுதுக்கிட்டு இருந்தாளா?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. "இல்லீங்கய்யா. தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தாங்க" என்றேன்.

அவர் அந்த வெற்றுப் பிலிமைக் கவனமாகச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு லாரியில் ஏறினார்.

அவர்கள் தப்பியதில் எனக்கு இன்றும் சந்தோஷம்தான். ஆனாலும் தெருவில் நல்ல வெயிலில் ஒரு முகம் கிடைக்கும்போதெல்லாம், அதைக் காண ஏங்குகிறவர் யார், அதைக் கண்டு அஞ்சுகிறவர் யார் என்று யோசித்து என் விரல் ஒரு கணம் தயங்கிவிடுகிறது.