மீமிசல் உப்பும் ஸ்டெல்லா டீச்சரின் சேஸிஸும்

ஸ்டெல்லா டீச்சர் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் வெல்டர் மணி. வெள்ளிக்கிழமை காலை வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். "நம்ம டீச்சர் போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றார் போனில். "அப்ப ஞாயித்துக்கெழம வேலைக்கு?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்பது உறைத்தது. அந்த ஞாயிறு, காருக்கு மேல்கூடு ஏற்றுவதாக இருந்தோம்.

கீரனூரிலிருந்து எங்களோடு திருச்சி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவர்களுக்குக் கணக்கு டீச்சரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உட்கார இடம் கிடைத்தால் விடைத்தாள் திருத்துவார். கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே திருத்துவார். ஆனால் ஓய்வுபெற்ற பிறகு அவர் செய்த வேலை உங்களில் பலருக்குத் தெரியாது. வேலியோரம் மட்கிக் கிடந்த தன் அப்பாவின் ஹெரால்டு காரை வீட்டிலேயே பிரித்துப் போட்டார். அவர் தம்பி சென்னையிலிருந்து போன் செய்து பழைய இரும்புக்காரரை அனுப்பிவைத்தார். டீச்சர் வந்தவருக்கு டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அப்பா இருந்தவரை மகளைச் சாவியைத் தொடவிட்டதில்லை. "ஒரு தடவ மீமிசல் வரைக்கும் நானே ஓட்டிட்டுப் போயிட்டு வந்துரணும். அப்புறம் யாரு வேணா எடுத்துக்கட்டும்" என்பார்.

மேல்கூட்டைக் கழற்றி முற்றத்தில் செங்கல் மேல் வைத்தோம். அடிச்சட்டமான சேஸிஸ் போர்ட்டிகோவுக்கு வந்தது. தலையில் துண்டும் கையில் கம்பி பிரஷுமாக இரண்டு ரிட்டயர்டு டீச்சர்கள் துரு சுரண்டுவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. முன்பக்கம் பரவாயில்லை. பின்பக்கம் அப்பளமாக நொறுங்கியது. துருவோடு காய்ந்த மீன் செதில்களும் உதிர்ந்தன. சனிக்கிழமைதோறும் அப்பா கடலோரத்து மீமிசலுக்குப் போய் மீன் வாங்கி, ஐஸ் பெட்டியில் பின்னால் வைத்துக் கொண்டுவருவாராம். ஒழுகிய உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்றிருக்கிறது. டீச்சர் ஒரு செதிலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "கொடுவாயா இருக்கும். அம்மாவுக்காக வாங்குவாரு" என்றார். அன்றைக்கு அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

மணி புதுத் தகடு வைத்துப் பற்றவைத்த மறுநாள், டீச்சர் மூலைக்கு மூலை நூல் பிடித்தார். ஒரு மூலைவிட்டம் விரல் அகலம் கூடுதலாக இருந்தது. ஒரே பக்கமாகப் பற்றவைத்துக்கொண்டே போனதில், சூட்டில் சட்டம் முறுக்கிக்கொண்டுவிட்டது. மேல்கூடு வந்துவிட்டால் தெரியாது, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் என்றார் மணி. அடித்த வெயிலில் நானும் தலையாட்டினேன்.

"கதவு சாத்தாது மணி. தொறந்து போட்டுட்டுப் போறதுக்கு இது என்ன சத்திரமா? வெட்டுங்க."

வெட்டினார். இரண்டாவது தடவை பக்கம் மாற்றிப் பக்கம், ஆறவிட்டு ஆறவிட்டுப் பற்றவைத்தார். நூல் சரியாக வந்தது. டீச்சருக்குத்தான் சந்தேகம் தீரவில்லை. "நூலு சொல்றது இருக்கட்டும். உருண்டு காமிக்கட்டும்" என்றார். வியாழக்கிழமை சக்கரம் மாட்டி முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. நாளைக்குப் பார்ப்போம் என்று கல் அணை கொடுத்துவிட்டு வந்தோம்.

வெள்ளிக்கிழமை மதியம் டீச்சரின் சவப்பெட்டியை வைக்க போர்ட்டிகோவில் இடமில்லை. அப்போதுதான் வந்து இறங்கிய தம்பி, சேஸிஸைத் தூக்கிப்போட ஆள் கூப்பிடலாம் என்றார். உருளும் என்று சொல்லிவிட்டு அணைக்கல்லை எடுத்தேன். மணியும் அவரும் ஆளுக்கொரு பக்கம், நான் நடுவில். திருப்ப ஸ்டீயரிங் கிடையாது. ஈர முற்றத்தில் எந்தப் பக்கமும் இழுக்காமல், கேட் வரை நேராகப் போய் நின்றது. அதுவரை அழாமல் இருந்தவள் அங்கேதான் உடைந்துபோனேன். இதைப் பார்க்க அவர் ஒரே ஒரு நாள் இருந்திருக்கலாம்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது தம்பி கேட்டார்: "மேல்கூடு எப்பக்கா ஏத்துறீங்க?"

டீச்சர் சொன்ன ஞாயிற்றுக்கிழமையே ஏற்றினோம். போல்ட்டை முடுக்கி முடித்தோம். தம்பி டிரைவர் பக்கக் கதவைத் தள்ளினார். ஒரே தள்ளில் 'டப்'பென்று சாத்திக்கொண்டது.

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தச் சத்தம். அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் என்று யாராவது சொன்னால் அதுதான் முதலில் காதில் விழுகிறது. இப்போது என் தலை ஆடுவதில்லை.