பூத்துப்போன பிடியரிசி

ஆரல்வாய்மொழிப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வில்வண்டிக்காரர் வாசலில் நின்று, "ஞானப்பூ டீச்சர் போயிட்டாவ" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவளை அறிந்த உங்களிடம் அதை மறைத்துவிட்டு இனிப்பாக நாலு அஞ்சலி வார்த்தை எழுத மனசில்லை.

இந்த ஊருக்கு மாற்றலாகும் முன், நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். போர்டிங் பிள்ளைகளின் சாப்பாடு அவள் பொறுப்பு. சபைப் பெண்கள் உலையில் போட எடுத்த அரிசியில் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அந்தப் பிடியரிசிதான் போர்டிங்குக்கு. ஆனால் சபைக் கமிட்டியார் அதைக் கூரை ஒழுகும் அறையில் மழைக்காலம் முழுக்கப் போட்டுவைத்துவிட்டு, ஆற அமர அனுப்புவார்கள்.

ஓர் ஐப்பசியில் சாக்கைப் பிரித்தால் பச்சையும் கறுப்புமாகக் கட்டி கட்டியாய்ப் பூசணம். மக்கல் வாடை. கூட வந்த கமிட்டிப் பெரியவர் அசையவில்லை.

"நல்லா களுவி வெயில்ல போடும் டீச்சரே. ஜெபம் பண்ணின அரிசி, ஒண்ணும் செய்யாது."

"அப்ப உம்ம வீட்டுக்குக் கொண்டுபோயி கஞ்சி வச்சுக் குடியும் ஓய்!" என்றாள் ஞானப்பூ.

அவர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அன்று பிள்ளைகளுக்கு நல்ல அரிசிக் கஞ்சி கிடைத்தது. சாக்கைக் குழியில் கொட்டிவிட்டாள் என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன்.

ஒரு நாள் தீப்பெட்டி கேட்டு அவள் அறைக்குப் போனேன். அடுப்பில் அதே வாடை. தம்பி வயலிலிருந்து தனக்கு வந்த அரிசியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, இவள் பூசணம் பூத்ததை வடித்துக்கொண்டிருக்கிறாள்!

"ஏட்டி, கத்தாத. களுவிக் களுவி, கொதிக்கக் கொதிக்கத்தான் வச்சிருக்கேன். இதுக்குமேல அதுல என்ன கிடக்கு?"

"அப்ப பிள்ளையளுக்கும் அதையே குடுக்க வேண்டியதுதானே?"

"சீ! சின்ன வயிறு, தாங்குமா?"

"உனக்கென்ன இரும்பு வயிறாக்கா?"

சிரித்தாள். "கூலிக்காரியள் தங்க வாயைக் கட்டிச் சேர்த்த அரிசிட்டீ. தூரக் கொட்டக் கை வரமாட்டேங்கு."

நான் சண்டை போட்டேன், பேசாமலிருந்து பார்த்தேன், ஒருமுறை பானையையே கவிழ்த்தேன். மழைக்காலம் தோறும் இதே கதைதான். கடைசியில் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கிக் கிடந்தாள். பூசணத்தால்தானா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. என் மனசுக்குச் சந்தேகமே இல்லை.

அடக்க ஆராதனையில் அந்தப் பெரியவர் எழுந்தார். "நம் அருமைச் சகோதரி காணிக்கையில் ஒரு மணியைக்கூட வீணாக்கியதில்லை" என்றார். என்ன நெஞ்சழுத்தம்! ஒழுகும் கூரைக்கு நாலு ஓலை போட இவர்களுக்குக் கை வந்ததா?

கல்லறைத் தோட்டத்தில் ரோசம்மாள் என்னிடம் வந்தாள். வயல் கூலிக்குப் போகிறவள். வாரம் தவறாமல் பிடியரிசி கொண்டுவருகிறவள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திகைத்துப் போனாள்.

"ஐயோ, பூத்ததையா தின்னாவ? எங்க வீட்டுல பூத்தா நாங்க தூரத்தானே கொட்டுவோம், டீச்சர்! எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்பிடாதா?"

பிள்ளைகள் வயிற்றுக்காகக் கமிட்டியை எதிர்த்து நின்றாயே, அந்தத் துணிச்சலை நான் வைத்துக்கொள்கிறேன், அக்கா. உன் வயிற்றுக்காக ரோசம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனாயே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.