கடல் சாமந்தி வாங்குவதா, வேண்டாமா

எங்கள் வீட்டு முன்னறையில், மற்ற வீடுகளில் டிவி இருக்கிற இடத்தில், கடல் இருக்கிறது. கடல் என்றால் இரண்டு கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் உப்புத் தண்ணீர், கொஞ்சம் பாறை, பாறையில் ஒட்டிய நாலைந்து பவளங்கள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி கோமாளி மீன். மழையே எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற அருப்புக்கோட்டையில் இப்படி ஒன்றை வைக்க வேண்டும் என்று யோசித்தவர் என் கணவர். யோசித்தவர் சவுதியில் இருக்கிறார். அல்லாடுகிறவள் நான்.

போன லீவில் வந்தபோதுதான் வைத்தார். மகளைக் கட்டிக் கொடுத்து, வீட்டுக்கு மாடியும் எடுத்து முடித்திருந்தோம். இனி அங்கே போக ஒரு காரணமும் மிச்சமில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் ஊரிலேயே தங்கப்போகிற மனிதர் மாதிரிதான் நாள் முழுக்க அந்தத் தொட்டி முன்னால் உட்கார்ந்து பாறை அடுக்கினார், உப்புக் கரைத்தார், மீனுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். லீவு முடிந்ததும் பெட்டியைக் கட்டிவிட்டார். இன்னும் ஒரே ஒரு கான்ட்ராக்ட் என்றார். வீட்டில் நானும், அவருடைய அம்மாவான என் மாமியும், இரண்டு மீன்களும் மிஞ்சினோம்.

இந்தத் தொட்டிக்கு நடக்கிற உபசாரம் எங்கள் மாப்பிள்ளைக்குக்கூட நடந்ததில்லை. வெயிலில் தண்ணீர் சூடேறக் கூடாது என்று அதற்குத் தனி ஃபேன். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் முதலில் ஓட வேண்டியது மீன் மோட்டார். நாங்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், அவை சொகுசாகக் காற்று வாங்கும். ஃபேன் காற்றிலும் ஊர் அனலிலும் தொட்டி மளமளவென்று வற்றும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், அதாவது நாங்கள் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிற கேன் தண்ணீரை. கண்ணாடியில் அவர் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். தினமும் அந்தக் கோடு வரைக்கும் தண்ணீர் நிற்க வேண்டும். திருச்சுழியில் குழாயடியில் குடத்தோடு சண்டை போட்டு வளர்ந்தவள் நான். என் கையாலேயே குடிதண்ணீரை உப்புக்குள் ஊற்ற வைத்துவிட்டார்.

கொஞ்ச நாளில் பாளையம்பட்டியில் தையல் கடை போட்டேன். காலையிலேயே கிளம்பிவிடுவதால் தண்ணீர் ஊற்றுகிற வேலையை மாமி தானே கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தத் தொட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் அவ்வளவு சுலபமாக ஏன் ஒத்துக்கொண்டார் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

என் கணவர் வேலை முடிந்து அறைக்கு வந்து வீடியோவில் கூப்பிடும்போது இங்கே தொட்டி விளக்கை அணைக்கிற நேரமாகிவிடும். முதலில் மீனைக் காட்ட வேண்டும், பிறகு மாமியை, கடைசியில் என்னை. அந்த நேரத்தில் மீன்கள் படுக்கப் போய்விடும். கண்ணாடியில் பாசி தேய்க்க உள்ளே ஒன்று வெளியே ஒன்றாகக் கறுப்புக் காந்தம் ஒட்டியிருக்கும். அந்தக் காந்தத்தை ஒட்டித்தான் இரண்டும் ராத்திரி தூங்கும். பகலில் அவை போடுகிற ஆட்டத்தை அவர் பார்த்ததில்லை. பெரியது பெண், சின்னது ஆண், பெரியது முறைத்தால் சின்னது உடம்பை நடுக்கிக் காட்டிப் பணிந்துபோகும். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவர் பார்ப்பதெல்லாம் காந்தத்தோடு ஒண்டிக்கொண்டிருக்கிற இரண்டு உயிர்களை மட்டும்தான்.

“பாவம் புள்ள, வீடில்லாம கிடக்குதுக,” என்றார் ஒருநாள். “ஒரு கடல் சாமந்தி வாங்கி வச்சிருவோம்.”

அன்றைக்கு ஆரம்பித்தது தலைவலி. கடல் சாமந்தி என்றால் பூ என்று நினைத்தேன். இல்லை, பாறையில் அடியை ஒட்டிக்கொண்டு விரல் விரலாக ஆடுகிற பிராணி. கோமாளி மீன் அதற்குள்தான் குடித்தனம் நடத்துமாம். தினமும் ஒரு வீடியோ அனுப்பினார். அவர் அனுப்பாததையெல்லாம் நான் தேடிப் படித்தேன். அதற்கு வெளிச்சம் கொட்ட வேண்டும், தண்ணீர் மாறாமல் இருக்க வேண்டும். வைத்த இடம் பிடிக்காவிட்டால் தானாக நகர்ந்து போகும். போகிற வழியில் பவளங்களையெல்லாம் சுட்டுவிட்டுப் போகும். மோட்டாரில் சிக்கினால் அரைபட்டுவிடும். செத்தால் தனியாகச் சாகாது, சின்னத் தொட்டி என்றால் தண்ணீரே கெட்டு எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போய்விடும். காந்தத்தோடு நிம்மதியாகத் தூங்குகிற மீனுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறேன் என்று வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொள்ளச் சொல்கிறார் மனிதர்.

“ஏங்க, நான் கடையப் பாப்பேனா, அது எங்கிட்டு நகருதுன்னு பாப்பேனா?”

“ஒண்ணும் ஆகாது புள்ள. ஒருதரம் மதுரையில தொட்டிமீன் விக்கிற கடைக்குப் போயி நேர்ல பாத்துட்டு வா.”

நச்சரிப்புத் தாங்காமல் ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு மதுரை பஸ் ஏறினேன். நல்லதாக நாலு குறை கண்டுபிடித்துச் சொல்லலாம் என்றுதான் போனேன். கடைக்காரரும் அதே பாட்டைத்தான் பாடினார்.

“ஒண்ணும் ஆகாதுக்கா. தைரியமா எடுத்துட்டுப் போங்க.”

எந்த ஊர்த் தண்ணீர், எவ்வளவு பெரிய தொட்டி, யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எதையும் அவர் கேட்கவில்லை. அதற்கு உடம்பு சரியில்லை என்றால் எப்படித் தெரியும் என்று நான்தான் கேட்டேன்.

“வாயி தொறந்தே கிடந்தா ஆபத்துக்கா. ஒடனே பாக்கணும்.”

அதைச் சொல்லிவிட்டு அவர் வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். நான் அந்தக் கண்ணாடி முன்னால் நின்றேன். நீல வெளிச்சத்தில் அது ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு மீன் படுத்திருந்தது. தலையை மட்டும் வெளியே நீட்டி என்னைப் பார்த்துவிட்டு, எனக்கென்ன என்கிற மாதிரி மறுபடி உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது. எனக்குப் பிடித்துவிட்டது. ஆசையாகவே இருந்தது. அந்த ஆசையை நினைத்து எரிச்சலும் வந்தது. வெறுங்கையோடு வந்து, பிடிக்கவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

மறுப்பதற்கு எனக்கு ஒரு பலமான காரணமும் இருந்தது. எங்கள் தொட்டியில் பாசி. தேய்க்கத் தேய்க்க வந்தது. பாறையெல்லாம் பச்சை முடி முளைத்த மாதிரி ஆகிவிட்டது. தண்ணீரை மாற்றிப் பார்த்தேன், மீன் தீனியைக் குறைத்துப் பார்த்தேன். உப்பை அளந்தால் அதுவும் எந்நேரமும் கூடுதலாகவே காட்டியது. நானும் திட்டிக்கொண்டே தேய்த்தேன். காந்தத்தை நகர்த்தும்போதெல்லாம் தன் வீட்டை நான் இழுத்துக்கொண்டு போவதாக நினைத்துப் பெரிய மீன் வந்து கண்ணாடியில் முட்டும். “பாசி இருக்கிற தொட்டியில சாமந்தி நிக்காதாம்,” என்று அவரிடம் சொன்னேன். அவரும் அப்போதைக்கு வாயை மூடிக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை கடைக்குப் போகவில்லை. மாமி செம்போடு வருவதைப் பார்த்தேன். கேன் இருக்கிற பக்கம் திரும்பவேயில்லை. நேரே கொல்லைக்குப் போய்க் குளியலறைக் குழாயில் செம்பை நிரப்பிக்கொண்டு வந்து தொட்டியில் ஊற்றினார். அந்தக் குழாயில் வருவது போர் தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, காய்ந்தால் வாளியில் வெள்ளை படியும்.

“மாமி, என்ன தண்ணி ஊத்துறீக?”

“போர் தண்ணிதான்.”

“கேன் தண்ணியத்தான ஊத்தச் சொன்னேன்.”

“சொன்ன. மனுசர் குடிக்கிற தண்ணியக் கொண்டுபோயி யாராச்சும் உப்புல கொட்டுவாகளா? தண்ணிய வீணாக்குனா மறுமையில கேள்வி இருக்கும்மா. பதில் நீ சொல்லுவியா, அவென் சொல்லுவானா?”

“எத்தனை நாளா நடக்குது இது?”

“நீ கடை போட்ட நாள்லருந்து.”

இத்தனை மாதமும் நான் பாசியைத் தேய்த்துக்கொண்டிருக்க, இவர் பாசிக்குத் தீனி ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். கத்திவிட்டேன். உப்புத் தண்ணீர் வற்றின இடத்தில் மறுபடி உப்பையும் சுண்ணாம்பையும் ஊற்றினால் அந்த உயிர்கள் என்னதான் செய்யும் என்று கேட்டேன். மாமி செம்பைக் கையில் வைத்தபடி நின்று கேட்டார்.

“அப்ப, கேன் தண்ணிதான் அதுக குடிக்கிற தண்ணியா?”

“ஆமா மாமி. அதுலதான் அதுக உசுரு நிக்குது.”

“இதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதான. வாயில்லாச் சீவனுக்குக் குடிக்கத் தண்ணி குடுக்கிறது நன்மையாச்சே. நீ எந்நேரமும் கோடு கோடுன்னுதான சொன்ன.”

மறுநாளிலிருந்து மாமி கேன் தண்ணீரை மொண்டு, அல்லாவின் பெயரால் என்று பிஸ்மி சொல்லி, விருந்தாளிக்கு ஊற்றுகிற பக்குவத்தில் ஊற்ற ஆரம்பித்தார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. நான் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக உப்புத் தண்ணீரை மாற்றிக்கொண்டு வந்தேன். உப்பு இறங்கி ஒரு நிலைக்கு வந்தது, பாசி சுருங்கியது, பாறையின் பழைய நிறம் திரும்பியது. பவளங்கள் இதுவரை நான் பார்க்காத அளவுக்கு விரிந்தன. தொட்டி தெளிந்துவிட்டது. என் காரணமும் அதோடு கரைந்துவிட்டது.

வீடியோவில் பார்த்தவர் விடுவாரா?

“இப்பத்தான் பாசி இல்லையே. அம்மாவும் நல்ல தண்ணி ஊத்துறாக. மதுரைக் கடையில சொல்லி அனுப்பச் சொல்லிரவா?”

நீல வெளிச்சத்தில் சுருண்டு படுத்த அந்த மீன் எனக்கு ஞாபகம் வந்தது. சரி என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. இந்தப் பிராணி சரியாகப் பார்த்துக்கொண்டால் மனிதர் ஆயுசுக்கும் இருக்குமாம். அதைத் தினமும் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வளர்க்க வேண்டும்.

“வாங்குவோம்,” என்றேன். “எனக்கும் பிடிச்சிருக்கு. மதுரையில பிடிக்கலைன்னு சொன்னது பொய். ஆனா அது எங்க நகருது, வாயி தொறந்திருக்கா மூடியிருக்கான்னு கூடவே இருந்து பாக்கணும். போன்ல பாத்து வளக்க முடியாது. நீங்க வந்துருங்க. லீவுக்கில்ல, மொத்தமா வந்துருங்க. வந்த மறுநாளே நானே மதுரைக்குப் போயி மடியில வச்சுத் தூக்கிட்டு வாரேன்.”

அந்தப் பக்கம் அவர் அறையில் யாரோ எண்ணெயில் எதையோ போட்டார்கள், சடசடவென்று சத்தம் கேட்டது. அவர் முகம் போனில் அசையாமல் நின்றது. சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை.

“அப்ப வேணாம் விடு,” என்றார். “காந்தமே போதும் அதுகளுக்கு.”

மாதக்கணக்காக நான் அவர் வாயிலிருந்து வாங்கப் பார்த்த ‘வேணாம்’ அதுதான். ஜெயித்துவிட்டேன். போனைத் தூக்கித் தொட்டிக்குள் போட்டால் என்ன என்று இருந்தது. தொட்டித் தண்ணீரில் ஆடுகிற ஒரு பிராணிக்காக இத்தனை வாதாடின மனிதர், இதற்கு ஒரு வார்த்தை வாதாடவில்லை. எனக்கு அவர் மேல் வந்த கோபம் இன்றைக்கும் இறங்கவில்லை.

உள்ளறையில் தொழுகைப் பாயை மடித்தபடி நான் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமி வெளியே வந்தார்.

“பூவு வேணாம்னுட்டானா?”

“ஆமா மாமி.”

மாமி தொட்டியைப் பார்த்தார். மீன்கள் இரண்டும் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

“அப்ப அவென் வாரதா இல்லை,” என்றார்.

விளக்கை அணைத்தேன். காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது மாமி கேனிலிருந்து தண்ணீர் மொண்டு, பிஸ்மி சொல்லி, மகன் போட்டுவிட்டுப் போன கோடு வரைக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார்.