நாலாம் நம்பர் லேத்தின் சிவப்பு

மாத்தூரில் நான் இரும்புச் சாமான்களின் பிசிறு தேய்க்கும் பட்டறையிலேயே என் தங்கை தேவிப்ரியாவுக்கும் வேலை கிடைத்தது. அங்கே இரும்பைக் கடையும் ஏழு சி.என்.சி. லேத்துகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒயர் இழுத்து, அது எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று கம்ப்யூட்டரில் சேர்ப்பது அவள் பொறுப்பு. ஓடினால் திரையில் பச்சை, நின்றால் சிவப்பு. எட்டாவதோடு நின்ற எனக்கே ஒரு டீ குடிக்கும் நேரத்தில் அதைப் புரியவைத்துவிட்டாள்.

ஆடி முதல் தேதி முதலாளி அறிவித்தார்: மாதக் கடைசியில் எந்த லேத்தில் சிவப்பு அதிகமோ, அதை ஓட்டுபவருக்கு வேலை இல்லை. நாலாம் நம்பர் ஓட்டும் இன்னாசி அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. அதில்தான் எப்போதும் சிவப்பு. அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. இனி யார் வேலைக்கு எடுப்பார்கள்?

மறுவாரம் நாலாம் நம்பர் முழுக்கப் பச்சை. பிரியாவுக்கு மட்டும் சந்தோஷமில்லை.

"மோட்டார் சுத்துதுக்கா. ஆனா இழுக்குற கரண்டு ஏறல. இரும்ப வெட்டுனா ஏறணும்ல?"

சாப்பாட்டு வேளையில் நேரே போய்க் கேட்டாள். "அண்ணே, இரும்புக் கம்பி மாட்டாமயா ஓட்டுறீங்க?"

"காத்தத்தான் வெட்டுறேன் பாப்பா. என்ன செய்ய? ரம்பத்துல கம்பி அறுத்து, அங்கிட்டு மூணு மிஷினுக்குக் குடுத்துட்டுத்தான் எனக்குத் தாராங்க. அதுவரைக்கும் செவப்பா நிக்கவா?"

"கண்டுக்காம விட்டுரு பிரியா" என்றேன் நான்.

"நான் குடுக்குற கணக்கு பொய்யாயிரும்க்கா." அவரிடம் திரும்பினாள். "மூணு நாளைக்கு, கம்பி வராதப்ப செவப்பாவே நிக்கட்டும்ணே. எதுக்கு நிக்குதுன்னு நான் பக்கத்துல இருந்து எழுதுறேன்."

"என் சோத்துல மண்ணு விழுந்தா?"

"விழாது. நம்புங்க."

மூன்று நாளும் நோட்டோடு அங்கேயே நின்றாள். மொத்தச் சிவப்பு நான்கு மணி பன்னிரண்டு நிமிடம். கம்பிக்குக் காத்திருந்தது மட்டும் மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம். மீதி டூல் மாற்றியதும் டீ குடித்ததும். கூட்டலை நானும் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது.

முதலாளி நோட்டைப் படித்தார். "அப்ப போன வாரம் எப்புடிம்மா பச்ச?"

பிரியா வாய் திறக்கும் முன்பே இன்னாசி அண்ணன் சொல்லிவிட்டார். "நாந்தான் முதலாளி. சும்மா ஓட்டுனேன். செவப்புக்குப் பயந்துட்டேன்."

"செவப்பு எதுக்குன்னு மிஷினுக்குச் சொல்லத் தெரியாது சார்" என்றாள் இவள். "நிக்கிறதுக்குத் தண்டனைன்னா எல்லாரும் காத்தத்தான் வெட்டுவாங்க."

முதலாளி அந்தப் பக்கத்தை மறுபடி படித்தார். மறுநாளிலிருந்து நாலாம் நம்பருக்கு வேண்டிய கம்பியை முந்தின சாயங்காலமே அறுத்து வைத்தார்கள். வேலை நீக்கப் பேச்சும் போய்விட்டது.

இப்போது ஒவ்வொரு லேத்திலும், நின்றதற்குக் காரணம் சொல்ல நான்கு பட்டன் வைத்திருக்கிறாள். இன்னாசி அண்ணன் ஒரு தடவைகூட மறந்ததில்லை. நேற்றும் ஒன்றை அழுத்திவிட்டு அவள் அறையைப் பார்த்துக் கத்தினார்.

"பாப்பா, டீக்குப் போறேன். செவப்பு என்னோடதுதான், எழுதிக்க!"

"ஆறு நிமிஷந்தாண்ணே!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.